சித்தி மூன்றாம் முறை மேடு ஏறியது

என் சித்திக்கு நாற்பத்தாறு வயது. மருத்துவமனையில் வெளிநோயாளிகள் பிரிவின் வாசலை ஒட்டி ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்ப்பது அவள் வேலை. உட்கார்ந்து பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. நாற்காலியும் இருக்கிறது. அந்த நாற்காலியில் எப்போதும் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது வருஷமாக இதே கதை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கைகள்.

வேலை முடிந்து வந்ததும் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவர்மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்து, பூகோளப் புத்தகத்து ஆறுகள் மாதிரி வளைந்து வளைந்து போகும். அதில் பேனாவால் ஊர்ப் பெயர்கள் எழுதட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன்.

"எழுதுடி. வெள்ளம் வந்த ஊரா பார்த்து எழுது" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

சித்தியிடம் ஒரு பழக்கம். முதலில் வரும் அளவை எழுத மாட்டாள். ஆளை உட்கார வைப்பாள். மூச்சு அடங்கட்டும் என்பாள். மறுபடி பார்ப்பாள். சந்தேகம் வந்தால் எழுந்து நிற்கச் சொல்லி மூன்றாவது தடவை. வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரைக்கும் போய்விடும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சித்தி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "வந்ததும் எடுத்தா அது படிக்கட்டோட பிரஷர். எனக்கு ஆளோட பிரஷர் வேணும்" என்பாள்.

போன வருஷக் கடைசியில் மருத்துவமனை ஒரு சின்ன வேன் வாங்கியது. எழுந்து வர முடியாத நோயாளிகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதற்கு. வேனை ஓட்டுகிறவரே அழுத்தமும் பார்க்க வேண்டும், ஒரே ஆள். தலைமை நர்ஸ் சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உனக்குன்னுதான் வெச்சிருக்கேன். இந்த மாசம் முடியறதுக்குள்ள லைசென்ஸ் கொண்டு வந்து காட்டு. இல்லேன்னா மருந்து கவுண்டர்ல இருக்கிறவருக்குப் போயிடும். அவருக்கு ஓட்டத் தெரியும். பிரஷர் பார்க்கத்தான் தெரியாது, அதை எல்லாம் மேலே யார் கேக்கப் போறா?"

சித்தி வீட்டுக்கு வந்து விவரம் எதுவும் சொல்லவில்லை. "உட்கார்ந்து செய்யற வேலை" என்று மட்டும் சொன்னாள். ஏதோ சிங்காசனத்தைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

இப்போது காருக்கு வருகிறேன். அது சித்தப்பாவுடைய கார். இருபத்திரண்டு வயது, பச்சை நிறம் என்று பதிவில் இருக்கிறது. என்னைவிட ஆறு வயது மூத்தது. அதனால் வீட்டில் அதற்கு என்னைவிட மரியாதை அதிகம். அதைப் பார்த்து யாரும் "பத்தாவதுகூட முடிக்கலை" என்று பெருமூச்சு விட்டதில்லை.

சித்தப்பா தையல்காரர். பள்ளிச் சீருடையும் கோட்டும் தைப்பார். நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன், அவருடைய கடையில் பொத்தான் வைப்பது என் உத்தியோகம். அளவெடுக்கும்போது பேச மாட்டார், மற்ற நேரத்தில் நிறுத்த மாட்டார். காரில் துணி போர்த்த முடிந்த இடத்தில் எல்லாம் அவர் கை பட்டிருந்தது. இருக்கைகளுக்கு உறை. ஸ்டீயரிங்குக்கு உறை. கியர் கம்பிக்குக் கொசுவம் வைத்த ஒரு பாவாடை. ஏழு மாதத்துக்கு முன்னால் பெட்ரோல் டேங்கின் மூடி காணாமல் போனபோதும் அவர் கடைக்குப் போய் மூடி வாங்கவில்லை. தைத்தார்.

அது சாதாரணத் தையல் இல்லை. வெளியே தடித்த கேன்வாஸ், உள்ளே லைனிங், இரண்டுக்கும் நடுவில் கோட்டுத் தோளுக்குள் வைக்கும் பஞ்சு ஷீட். ஓரம் முழுக்க, உள்ளே கயிறு வைத்து உருட்டித் தைத்த பைப்பிங். பிடித்து இழுக்க ஒரு காது. காதுக்குக் கீழே தன் கடை லேபிள். குழாயில் வைத்துத் திருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. மாற்றிப் போட வேண்டும் என்று மூன்று தைத்து வைத்தார். வாரம் ஒன்றைத் துவைத்துக் கொடியில் காயப்போடுவார். பார்க்கிறவர்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று விசாரிப்பார்கள்.

ஓட்டுநர் தேர்வுக்கு வண்டி நாம்தான் கொண்டுபோக வேண்டும். தேர்வு அலுவலகத்திலிருந்து கிளம்பி, கடைத்தெரு, ரவுண்டானா, ஒரு சந்தில் பின்னோக்கி எடுத்து நிறுத்துவது, அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மேடு. மேட்டின் நடுவில் நிறுத்தச் சொல்வார்கள். மறுபடி கிளப்ப வேண்டும். வண்டி பின்னால் உருளக் கூடாது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம்.

முதல் தடவை சித்தி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். மேட்டின் நடுவில் நிறுத்தினாள். கிளப்பினாள். வண்டி இரண்டு முறை முக்கியது, ஒரு முறை விக்கியது, நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஆய்வாளர் கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி நடந்து போய்விட்டார். அவருக்கு நடை நல்லது, கொஞ்சம் பருமன்.

சித்தப்பாவும் நானும் மேட்டுக்குக் கீழே டீக்கடையில் இருந்தோம். நாங்கள் டீயைக் குடித்து முடித்து, போய்ச் சேர்வதற்குள் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சித்தப்பா உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். வண்டி முதல் தொடுதலிலேயே எழுந்தது. மேட்டின் உச்சி வரைக்கும் போனார். இறங்கி வந்தார். மறுபடி ஏறினார், யாரும் கேட்காமலேயே.

"பாரு, எனக்கு ஓடுதுல்ல. கிளட்சை நீ பயந்து பயந்து விடறே. அதான் நிக்குது."

"நான் பயப்படலையே" என்றாள் சித்தி.

"உனக்குத் தெரியாம பயப்படறே."

இரண்டாவது தடவையும் அதே மேடு, அதே விக்கல், அதே பத்து நிமிஷம், அதே முதல் தொடுதல். இந்தத் தடவை சித்தப்பா ஒரு பார்வை மட்டும் பார்த்தார், அது சொன்னதைவிட மோசம். மூன்றாவது தடவையும் தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. மூன்றாவது தேர்வுக்கு ஆறு நாள்.

அதற்குப் பிறகு வீடு முழுக்க எல்லோரும் சித்திக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். என் அம்மா போனில் சொல்லிக் கொடுத்தாள். அம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. மாடி வீட்டுக்காரர் படியில் வழிமறித்து "கிளட்சுங்கிறது குழந்தை மாதிரிங்க" என்று ஆரம்பித்தார். சித்தி கேட்டுக்கொண்டாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தையல் மெஷினின் மிதிமேல் இடது காலை வைத்து, மெதுவாக அழுத்தி, மெதுவாக விடுவதை ஒரு நாள் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்ததும், கீழே ஊசி தேடுவது போலக் குனிந்தாள். வேறு ஒரு சமயமாக இருந்தால் அந்த மிதியில் ஹாரன் ஒன்றைக் கட்டி வைத்திருப்பேன். செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் அவள் தலைமை நர்ஸிடம் போய், அந்த வேலையை மருந்து கவுண்டர்காரருக்கே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள். "மாசம் முடியட்டும்" என்று அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சித்தி அதைச் சித்தப்பாவிடம் சொன்னாள், நான் கதவுக்கு இந்தப் பக்கம் தற்செயலாக அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

விஷயம் திரும்பியது அதற்கு அடுத்த நாள் சாப்பிடும்போது. சித்தி அன்றைக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அடிக்கடி மயங்கி விழுகிறாராம். நான்கு இடத்தில் பார்த்தாகிவிட்டது, எல்லா இடத்திலும் அழுத்தம் சரியாக இருக்கிறது. மருமகள் அவர் நடிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"நான் அவரைப் பத்து நிமிஷம் நிக்க வெச்சு அப்புறம் பார்த்தேன். தடதடன்னு இறங்குது. எல்லாரும் அவரை உட்கார வெச்சே பார்த்திருக்காங்க. உட்கார்ந்தா அவருக்கு ஒன்னுமே…"

நிறுத்தினாள். கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது.

"என்னங்க, அந்த வண்டி எனக்கு நின்னப்புறம் நீங்க எவ்வளவு நேரம் கழிச்சு வந்து எடுத்தீங்க?"

"டீ குடிச்சிட்டு வந்தேன். ஏன்?"

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்தான் டீ குடிச்சேன்."

"அப்போ அது உட்கார்ந்து ஓய்வெடுத்த வண்டி. நீங்க ஓட்டினது வேற வண்டி, நான் ஓட்டினது வேற வண்டி."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

மறுநாள் சித்தி விடுப்பு போட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் விடுப்பு போட்ட நாட்களை ஒரே கையால் எண்ணிவிடலாம், விரல் மிஞ்சும். மூன்று பேரும் மெக்கானிக் கடைக்குப் போனோம். மெக்கானிக்கை எல்லோரும் 'பார்க்கலாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் அதையே சொன்னார் என்றும், அதனால் அந்த இடம் கைநழுவியது என்றும் கேள்வி. அச்சகத்துக்கும் சிமெண்டு கிடங்குக்கும் நடுவில் அவர் கடை. ஒரு பக்கத்துக் காற்றில் மை, மறு பக்கத்துக் காற்றில் சிமெண்டு. நடுவில் அவர் எந்த நிறம் என்று யாருக்கும் தெரியாது.

"மேட்டுல போறப்ப நிக்குது, பத்து நிமிஷம் விட்டா தானா சரியாகுது" என்றாள் சித்தி.

"பார்க்கலாம் அக்கா. பிளக் மாத்திடலாம்."

"பிளக்தான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. மாத்திட்டுப் பார்க்கலாம்."

"முதல்ல எதையாவது அளந்து பாருங்க. அப்புறம் மாத்துங்க."

பார்க்கலாம் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அச்சகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பார்க்கலாம் உள்ளே போய், நீளக் குழாய் வைத்த ஒரு மீட்டரை எடுத்து வந்தார். டேங்குக்குள்ளே பம்ப் ஒன்று இருக்கிறது, அது பெட்ரோலைத் தள்ளி இன்ஜினுக்கு அனுப்புகிறது, தள்ளும் அழுத்தம் மூன்று கிலோ இருக்க வேண்டும் என்று விளக்கினார். பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல் ஓடும் பெட்ரோல் குழாயில் மீட்டரை மாட்டி, வண்டியைக் கிளப்பினார். முள் நேராக மூன்றில் போய் நின்றது.

"நார்மல் அக்கா. கச்சிதமா மூணு."

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"இப்பதான் பார்த்தேனே."

"ஒரு தடவை பார்த்ததை நான் எழுதவே மாட்டேன் தம்பி. வண்டி நின்ன இடத்துல சும்மா உறுமிக்கிட்டு இருக்கு. அதை ஓட வெச்சுப் பாருங்க. மேடு ஏத்திப் பாருங்க."

"ஓடற வண்டியில மீட்டரை எப்படிப் பார்க்கறது? பானெட்டுக்குள்ள நான் படுத்துக்கவா?"

"குழாய்தான் நீளமா இருக்கே. வெளியே கொண்டாந்து கண்ணாடி மேல ஒட்டுங்க."

பார்க்கலாம் குழாயைக் கையால் முழம் போட்டுப் பார்த்தார். அவர் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லாதது அன்றைக்குத்தான் முதல் முறை. பிறகு குழாயைப் பானெட் இடுக்கு வழியாக நசுங்காமல் வெளியே எடுத்து, மீட்டரை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். சித்தி தன் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின் இருக்கையில் ஏறினாள்.

"நான் ஓட்டறேன்" என்றார் பார்க்கலாம்.

"வேண்டாம். அவர் ஓட்டட்டும். அவருக்குத்தான் கிளட்ச் நல்லா வரும்."

சித்தப்பா ஓட்டினார். பக்கத்தில் பார்க்கலாம். பின்னால் சித்தி, அவளுக்குப் பக்கத்தில் நான். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சித்தி "எவ்வளவு?" என்பாள், பார்க்கலாம் முள்ளைப் படித்துச் சொல்வார், அவள் நேரத்தோடு எழுதுவாள். கடைத்தெருவில் மூன்று. ரவுண்டானாவில் மூன்று. சந்தில் பின்னோக்கி எடுத்தபோது இரண்டே முக்கால். பெரிய சாலையில் இரண்டரை. பார்க்கலாம் முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இப்போது நிமிர்ந்தார். தண்ணீர்த் தொட்டி தெரிந்தபோது இரண்டு.

மேட்டில் ஏறினோம். நடுவில் நிறுத்தி எடுக்கச் சொன்னாள் சித்தி. சித்தப்பா நிறுத்தினார், எடுத்தார். முள் ஒன்றரைக்குக் கீழே விழுந்தது. வண்டி இரண்டு முறை முக்கியது, ஒரு முறை விக்கியது, நின்றுவிட்டது.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சித்தப்பா சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. பிடிக்கவில்லை. இன்னொரு முறை. பிடிக்கவில்லை. அவர் காது மடல் சிவந்ததைப் பின்னாலிருந்து நன்றாகப் பார்க்க முடிந்தது.

"பயந்துட்டீங்களா?" என்றாள் சித்தி.

"இல்லையே."

"உங்களுக்குத் தெரியாம பயந்திருப்பீங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் நோட்டில் நேரத்தை எழுதினாள். எழுதியதன் கீழே இரண்டு கோடு போட்டாள். இத்தனை நாளாக எல்லோரும் சேர்ந்து அவள் காலில்தான் கோளாறு என்று சொல்லி, அவளும் அதை நம்பி, தையல் மிதியை மிதித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் ஓட்டுநர் ஏதோ திட்டிக்கொண்டிருந்தார், அதைக் கேட்பது சுலபமாக இருந்தது.

பத்து நிமிஷம் காத்திருந்தோம். மறுபடி சாவியைத் திருப்பியதும் முள் தூங்கி எழுந்தவன் மாதிரி மெதுவாக மூன்றுக்குப் போனது. வண்டி கிளம்பியது.

"இனிமே பார்க்கலாம்னு சொல்ல மாட்டேன் அக்கா. கண்டுபிடிக்கலாம்" என்றார் பார்க்கலாம்.

கடைக்குத் திரும்பி முறைப்படி ஆரம்பித்தார். இன்ஜினை உறும விட்டு முள் விழும்வரை காத்திருந்தார். விழுந்ததும், டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாயை இடுக்கியால் லேசாக அழுத்தினார். மிச்சப் பெட்ரோல் வீணாகத் திரும்பிப் போகிறதென்றால் இப்போது முள் எகிற வேண்டும் என்றார். எகிறவில்லை. வருவதே குறைவு என்று அர்த்தம். வண்டிக்கு அடியில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றி ஊதிப் பார்த்தார், காற்று தாராளமாகப் போனது. பம்ப்புக்குப் போகும் வயரில் கரண்ட் சரியாக இருந்தது. மீதி இருந்தது டேங்கின் உள்பக்கம்தான்.

பாட்டரி வயரைக் கழற்றினார். அடியில் சுருண்டிருந்த நாயை எழுப்பி வெளியே அனுப்பினார். தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்தார். டேங்கிலிருந்த பெட்ரோலை ஒரு கேனில் இறக்கிவிட்டு, பின் இருக்கையைத் தூக்கினார். அடியில் சாக்பீஸ் துண்டு ஏழு, பொத்தான் பதினொன்று, சித்தப்பா இரண்டு வருஷமாகத் தேடிய கத்தரிக்கோல் ஒன்று. கத்தரிக்கோலைச் சித்தப்பா சத்தமில்லாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இருக்கைக்குக் கீழே வட்டமாக ஒரு தகடு. அதைத் திறந்து, பம்பை மேலே தூக்கினார் பார்க்கலாம்.

பம்ப்பின் வாயில் சின்னதாக ஒரு வலைப் பை இருக்கும், பெட்ரோலில் குப்பை இருந்தால் தடுப்பதற்கு. அந்த வலை கண்ணுக்கே தெரியவில்லை. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, நனைந்த பூனைக்குட்டி மாதிரி அப்பியிருந்தது.

"என்னங்க இது, டேங்குக்குள்ள தலையணை வெச்சுத் தெச்சிருக்கீங்களா?" என்றாள் சித்தி.

சித்தப்பா கிட்டே போனார். விரலால் ஒரு துளி எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். அவருக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"ரெண்டு நம்பர் பஞ்சு ஷீட். கோட்டுத் தோளுக்கு வைக்கறது. நல்ல சரக்கு." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

பார்க்கலாம் வெளியே போய், பெட்ரோல் போடும் குழாயில் சொருகியிருந்ததை உருவிப் பார்த்தார். காதைப் பிடித்துத் தூக்கி, லேபிளைப் படித்தார். உள்பக்கத் தையல் பிரிந்து, பஞ்சு பாதி காலியாக இருந்தது. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் தையல் இளகி, ஒவ்வொரு தடவை செருகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உதிர்ந்திருக்கிறது. வண்டி ஓட ஓடப் பஞ்சு முழுக்க இழுபட்டு வலையில் ஒட்டும், பெட்ரோல் வராது. நிறுத்தினால் பஞ்சு நழுவி டேங்கின் அடியில் படியும், வழி விடும். டீ குடித்துவிட்டு வருகிறவருக்கும், தினமும் கடைக்கு ஐந்து நிமிஷம் மட்டும் ஓட்டுகிறவருக்கும் வண்டி ஓடும்.

"அண்ணே, பெட்ரோல் குழாயில துணி. இது மேட்டுல நின்னதுதான் உங்க அதிர்ஷ்டம். எரிஞ்சிருந்தா?" என்றார் பார்க்கலாம்.

"ஒரிஜினல் மூடி காணாமப் போச்சு தம்பி. பங்க்ல விட்டுட்டேன் போல" என்றார் சித்தப்பா. குரல் அளவெடுக்கும்போது இருப்பதைப் போலச் சின்னதாக இருந்தது.

அவர் பங்க்கில் விடவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் அவர் பத்து நிமிஷம் தேடட்டும் என்று அதைக் கழற்றி எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியின் மூடிமேல் வைத்தது நான்தான். பிறகு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். வருஷம் முழுக்கத் தாமதமாக வரும் குப்பை வண்டி அன்றைக்கு நேரத்துக்கு வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை. ஆனால் சித்தப்பா அந்தத் துணி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விதம் எனக்குச் சரிப்படவில்லை. சொல்லிவிட்டேன்.

பார்க்கலாம் கையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சித்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ என்னை ஃபெயில் பண்ணது ஆய்வாளர் இல்லை. நீங்க ரெண்டு பேரும்தான்."

"நான் ஒன்னும் வேணும்னு…" என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"வேணும்னு பண்ணியிருந்தா இவ்வளவு நல்லா பைப்பிங் வெச்சிருக்க மாட்டீங்க. தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்கு வீட்டுக்குப் போய்."

வீட்டுக்குப் போய் என்ன என்று அவள் சொல்லவில்லை. நான்கு நாள் அது என்னவென்று யோசித்தே நான் இளைத்துவிட்டேன்.

டேங்கைக் கழுவி, துடைத்து, வலையை மாற்றி, பூட்டோடு ஒரு உலோக மூடி போட்டுக் கொடுத்தார் பார்க்கலாம். மறுபடி மீட்டரைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் ஓட்டினோம். சித்தி நோட்டில் இருபது தடவை மூன்று என்று எழுதினாள். இருபத்தோராவது தடவை பார்க்கலாம் தானே "மூணு, எழுதிக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டாவது மூடியையும், அலமாரியில் இருந்த மூன்றாவதையும் சித்தப்பா யாரும் சொல்லாமல் எடுத்துக் கத்தரியால் வெட்டினார். வெட்டும்போதும் நேர்கோட்டில்தான் வெட்டினார்.

தேர்வுக்குப் போகிற அன்று காலையில் சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. பயமெல்லாம் போய்விட்டதே, இன்னும் என்ன என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் வண்டி மேல பழி போடலாம்னு ஒரு ஓரத்துல இருந்துச்சுடி. இப்ப வண்டிக்கு ஒன்னுமில்லைன்னு நானே எழுதி வெச்சிருக்கேன். இனிமே நின்னா நான்தான்."

தேர்வு அலுவலகத்தில் எதிர்பாராத ஒரு காரியம் நடந்தது. ஆய்வாளர் காரில் ஏறப் போகும் நேரத்தில் சித்தப்பா குறுக்கே போய் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அந்தப் பழைய வலை, பஞ்சோடு.

"சார், இவங்க ரெண்டு தடவை தவறினது இதால. இவங்க தப்பு எதுவும் இல்லை. தெச்சது நான்."

ஆய்வாளர் பையைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

"என்னய்யா இது, செத்த எலியா?"

"பஞ்சு சார். ரெண்டு நம்பர்."

"முதல்ல அதை மூடுங்க. இப்ப நான் இவங்களைப் பார்க்கணுமா, உங்களைப் பார்க்கணுமா?"

சித்தி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கண்ணாடியைச் சரி செய்வது போல அதைத் திருப்பி, பின்னால் பையோடு நின்ற சித்தப்பாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

நாங்கள் மேட்டின் அடிவாரத்துக்குப் போய் நின்றோம். சித்தப்பா அன்றைக்கு டீ குடிக்கவில்லை. பச்சைக் கார் வளைவில் திரும்பி வந்தது, எங்களைத் தாண்டி மேட்டில் ஏறியது, நடுவில் நின்றது. பிரேக் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு கார் ஒரு தடவை குலுங்கியது. இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது.

சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கையில் இருந்த பை என் கையில் ஒட்டிக்கொண்டு நாறியது. கார் பின்னால் உருளவில்லை. அவள் கைப்பிரேக்கைப் போட்டிருக்கிறாள் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு எதுவுமே தோன்றவில்லை.

உள்ளே நடந்ததைச் சித்தி பிறகு சொன்னாள். இன்ஜின் நின்றதும் ஆய்வாளர் பெருமூச்சு விட்டு, கதவுக் கைப்பிடியைத் தேடியிருக்கிறார்.

"சார், இறங்காதீங்க. இது விக்கலை. குலுங்கிட்டு நின்னுது. இது நான். கிளட்சை வேகமா விட்டுட்டேன்."

"நீங்களே சொல்றீங்க?"

"வண்டி நின்னா எப்படி நிக்கும்னு எனக்கு இப்பத் தெரியும் சார். இது அது இல்லை. நான்னா சரி பண்ணிடலாம்."

ஆய்வாளர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்திருக்கிறார். ஒரு தடவை நிற்கலாம், உருளத்தான் கூடாது என்று விதியை ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

எங்களுக்குக் கேட்டது செல்ஃப் சத்தம் மட்டும்தான். பிறகு இன்ஜின். பிறகு கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் வராமல், யாரோ மேலே இருந்து கயிறு கட்டி இழுப்பது போல மேட்டின் மேலே போய், உச்சியில் மறைந்தது. சித்தப்பா என் மணிக்கட்டை விட்டார். ஐந்து விரலும் பதிந்திருந்தன. பக்கத்தில் நின்ற ஆளிடம், "என் சம்சாரம்" என்றார். அந்த ஆள் வேறு எதற்கோ நின்றுகொண்டிருந்தவர். தலையாட்டிவிட்டு நகர்ந்து நின்றார்.

அலுவலக வாசலில் சித்தி ஒரு தாளோடு வந்தாள். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாவது தடவையும் படித்தாள். பிறகு மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

சித்தப்பா பழக்க தோஷத்தில் ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்குப் போய்க் கையை வைத்தார். சித்தி சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவர் கையை எடுத்து, கதவில் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். சித்தி உட்கார்ந்தாள். இருக்கையை ஒரு பல் முன்னால் இழுத்துக்கொண்டாள். காலை நீட்டி, மடக்கி, சரியாக வைத்துக்கொண்டாள்.

வாசலைத் தாண்டியதும் எங்கள் வீட்டுக்கு இடப் பக்கம் போக வேண்டும். சித்தி வலப் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் மேடுதானே இருக்கு" என்றார் சித்தப்பா.

"தெரியும்" என்றாள் சித்தி.